பத்தொன்பதுக்குப் பதினொன்று

நன்னெறி பீரியட் என்பது கணக்கு வாத்தியாரின் புறம்போக்கு நிலம். வாரத்தில் ஒரு நாள், வெள்ளிக்கிழமை கடைசி மணி. பாடம் முடிக்காதவர் அங்கே வந்து வேலி போட்டுக்கொள்வார், கேட்பாரில்லை. கைதூக்கி டீச்சர் வந்த பிறகுதான் ஏழாம் வகுப்பில் அந்த நாற்பது நிமிஷம் மீட்கப்பட்டது. கணக்கு வாத்தியாருக்கு அந்த வயிற்றெரிச்சல் இன்னும் தீரவில்லை.

டீச்சர் தத்துவத்தில் பட்டம் வாங்கிவிட்டுப் பன்னிரண்டு வருஷம் மருந்து மொத்தக் கடையில் பில் போட்டவர். பட்டத்துக்கு ஊரில் இருந்த மதிப்பு அவ்வளவுதான். நாற்பது வயதில் பள்ளி வேலை கிடைத்ததும் முதல் நாளே பிள்ளைகளிடம் சட்டம் சொன்னார்: யாரும் எதையும் கேட்கலாம், யாரும் சிரிக்கக் கூடாது, டீச்சர் தன் கருத்தைச் சொல்லவே மாட்டார். தான் வாயைத் திறந்தால் முப்பத்தோரு தலையும் அந்தப் பக்கமே ஆடிவிடும் என்று அவருக்குப் பயம். கடைசி ஐந்து நிமிஷம் கை தூக்கச் சொல்லி எண்ணுவார், எண்ணிக்கையைக் கரும்பலகையில் எழுதுவார். பட்டப்பெயர் அப்படி வந்தது. வீட்டில் குழாய் ஒழுகினாலும் இவள் கை தூக்கச் சொல்லித்தான் பிளம்பரைக் கூப்பிடுவாள் என்று புருஷன் சொல்லித் திரிந்தார். வீட்டில் இருந்தது இரண்டே பேர். குழாய் ஒழுகிக்கொண்டே இருந்தது.

பிள்ளைகளுக்கு அந்த மணி பிடித்துப்போனது. கீழே கிடந்த பேனாவை எடுத்தவன் திருடனா, காப்பியடித்த நண்பனைக் காட்டிக்கொடுக்கலாமா என்று தொண்டை கிழியப் பேசினார்கள். மணி அடித்ததும் கரும்பலகையோடு எல்லாம் துடைக்கப்பட்டுவிடும்.

ஒரு வெள்ளிக்கிழமை மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். பள்ளிக்கூட வேன் டிரைவரின் மகள், அதிகம் பேசாதவள்.

"ஒருத்தர் பஸ் ஓட்டுறார் டீச்சர். கண்ணு மங்கிட்டே வருது. வீட்ல இருக்கிறவங்களுக்கு மட்டும்தான் தெரியும். வெளிய சொன்னா வேலை போயிடும். சொல்லணுமா, வேண்டாமா? நீங்க சொல்லுங்க."

ஏழாம் வகுப்பில் இப்படி ஒரு கேள்வியா என்று டீச்சர் பூரித்துப்போனார். அந்தப் பூரிப்பில், கேட்டவள் யார் வீட்டுப் பிள்ளை என்பது அவர் புத்தியில் ஏறவில்லை. வேன் என்பதற்குப் பதில் பஸ் என்றிருந்தாள். ஒரு தத்துவப் பட்டதாரிக்கு அந்த மறைப்பு போதுமாயிருந்தது. சிரித்துக்கொண்டே சட்டத்தை ஞாபகப்படுத்தி, கேள்வியை வகுப்பின் பக்கம் தள்ளிவிட்டார்.

வகுப்பு பிடித்துக்கொண்டது. கண்ணாடி போட்டால் தீர்ந்தது என்றான் ஒருவன். பஸ்ஸில் வருகிறவர்கள் யாரோ, வீட்டில் பட்டினி கிடப்பது நம் ஆள் என்றாள் இன்னொருத்தி. அந்த பஸ்ஸில் என் தம்பி இருந்தால் என்று ஒரு குரல் கேட்டது. அப்புறம் முதல் ரேங்க் பையன் எழுந்து, இத்தனை நாள் ஓட்டியவருக்கு இனிமேல் மட்டும் என்ன ஆகிவிடும் என்றான். கைதட்டல். சொல்ல வேண்டாம் பத்தொன்பது, சொல்லணும் பதினொன்று. கேட்டவள் எதற்கும் கை தூக்கவில்லை. கூட்டினால் ஒன்று குறைவதை டீச்சர் கவனித்தார். கருத்தில்லாமல் இருப்பதும் ஓர் உரிமை என்று விட்டுவிட்டார். அந்தப் பெண் எண்ணிக்கையை நோட்டில் எழுதிக்கொண்டாள்.

பன்னிரண்டாம் நாள் காலை, எதிர்வெயிலில், பள்ளிக்கூட வேன் ஓரமாக நின்றிருந்த குப்பை லாரியின் பின்னால் போய் மோதியது. மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அங்கேயே இறந்தாள். பிரேக் பிடிக்கவில்லை என்றார் டிரைவர். போலீஸ் கூட்டிக்கொண்டு போனது.

டீச்சர் ஹெட்மாஸ்டரிடம் ஓடினார். வகுப்பில் பேசுவதற்கெல்லாம் பொறுப்பேற்றால் பள்ளிக்கூடம் நடத்த முடியாது, போய்ப் பேப்பர் திருத்துங்கள் என்றார் அவர். அங்கேயிருந்து காவல் நிலையம். என்னிடம் கேட்டாள், நான் கை தூக்கச் சொன்னேன் என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டு, கைது செய்வார்கள் என்று காத்திருந்தார். இன்ஸ்பெக்டர் தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

"உங்க மேல ஒண்ணும் இல்ல மேடம். எங்களுக்கு வேண்டியது இந்த ஒரு வரிதான்."

வீட்டாருக்கு முன்பே தெரியும் என்ற வரியின் கீழே அவர் கோடு போட்டார். டிரைவரின் கண்ணைப் பரிசோதித்தார்கள். கவனக்குறைவு என்று இருந்த வழக்கு, தெரிந்தே ஓட்டியது என்று மாறியது. மிஞ்சினால் இரண்டு வருஷம் என்று வக்கீல் சொல்லிவைத்திருந்தார், ஏழு வந்தது. பள்ளி நிர்வாகம் டீச்சருக்கு நேர்மைக்கான பாராட்டுப் பத்திரம் கொடுத்தது, கண்ணாடிச் சட்டம் போட்டு. அவர் அதை வாங்கிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லவும் அன்று அவருக்குத் தெம்பில்லை.

சிறை இருக்கும் ஊருக்கே குடிபோக அந்தப் பெண்ணின் அம்மா முடிவெடுத்தார். மகள் மாற்றுச் சான்றிதழ் வாங்கத் தனியாக வந்தாள். வகுப்பாசிரியர் என்ற முறையில் டீச்சர் நிரப்ப வேண்டிய கட்டம் ஒன்று அதில் உண்டு: மாணவரின் நடத்தை. டீச்சர் 'மிக நன்று' என்று எழுதினார். அந்தச் சிறுமி செத்ததற்கும், உன் அப்பாவுக்கு ஆனதற்கும் நான்தான் காரணம் என்று மெல்லச் சொன்னார்.

"நான் உங்களைத்தானே கேட்டேன் டீச்சர்," என்றாள் அவள். "அவங்களை எதுக்குக் கேட்டீங்க?"

மை காயும்வரை நின்றாள். தாளை நாலாக மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.