கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் பாடம்

என் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் ‘கைராசி அக்கா’ என்று பெயர். அவள் ஊசி போட்டால் வலிக்காது என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. நரம்பே கிடைக்கவில்லை என்று மற்றவர்கள் விட்டுவிட்ட கையைக்கூட அவள் லேசாகத் தட்டி, விரலால் தடவி, வீட்டுக் கதை கேட்டுக்கொண்டே வேலையை முடித்துவிடுவாள். மற்ற வார்டுகளிலிருந்தும் ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள். போய்விட்டு வரும்போது முகத்தில் ஒரு மிதப்பு இருக்கும். இல்லை என்று அவள் சொன்னாலும் நான் நம்பத் தயாராக இல்லை.

வீட்டில் இந்தக் கைராசியால் நாங்கள் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. நான் ஃப்ரிட்ஜ், வாஷிங்மெஷின் பழுது பார்ப்பவன். ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் கொடு என்று கேட்டால் கொடுக்க மாட்டாள், அவளே உட்கார்ந்து திருக ஆரம்பித்துவிடுவாள். அடுத்தவர் தடுமாறுவதைப் பார்த்துக்கொண்டு அவளால் சும்மா இருக்க முடியாது. எங்கள் மகள் வெகுநாள்வரை தலை பின்னிக்கொள்ளத் தெரியாமலே வளர்ந்தாள். அவள் சீப்பை எடுத்தால்தானே, அதற்குள் அம்மாவின் கை வந்துவிடும்.

கனத்த உடம்புக்காரர்களைப் புரட்டியும் தூக்கியும் அவளுடைய முதுகு கெட்டுப்போயிற்று. இனி ஒரு ஆளைத் தூக்கினால் பக்கத்துப் படுக்கையில் நீங்கள் படுக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆளைத் தூக்க முடியாத நர்ஸை வார்டில் எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? மேட்ரன் நல்ல மனுஷி. கூப்பிட்டு உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னார். ஆஸ்பத்திரியோடு சேர்ந்த நர்சிங் பள்ளியில் ஆசிரியர் இடம் ஒன்று காலியாகப் போகிறது. மேல்படிப்பு முடித்திருந்தால் அந்த இடத்துக்கு அவள் பெயரைச் சொல்லலாம். இல்லாவிட்டால் கிடங்கில் போர்வையும் படுக்கை விரிப்பும் பார்த்துக்கொள்ளும் வேலைதான்.

கிடங்கு என்ற சொல்லைக் கேட்டதும் இவளுக்கு முகம் செத்துவிட்டது. அதற்கு வீட்டிலேயே இருந்துவிடு என்றேன். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. நோயாளியைப் பார்க்காமல் ஒரு நாள் போனாலே மூச்சுமுட்டும் ரகம் அவள். அவளுக்குப் போய் நான் அப்படி யோசனை சொன்னேன்.

ஆக, ஆசிரியராக விரும்பும் நர்ஸுகளுக்கான மேல்படிப்பில், ஆன்லைனில், நரைத்த தலையோடு சேர்ந்தாள். சாப்பாட்டு மேஜைதான் வகுப்பறை. மைக்கை அணைக்க மறந்து, பாத்திரம் கழுவும் என்னை அவள் திட்டியதைப் பல ஊர் நர்ஸுகள் கேட்டிருக்கிறார்கள். மகள்தான் அவளுக்கு டியூஷன் மாஸ்டர். அம்மா தட்டச்சு செய்யும் வேகத்தைப் பார்த்தால் தூக்கம் வருகிறது என்று அவள் கேலி செய்வாள். ஆனால் கைராசி அக்கா விடவில்லை. முதுகுக்குத் தலையணை முட்டுக் கொடுத்துக்கொண்டு படித்தாள். எழுத்துத் தேர்வு எல்லாவற்றிலும் தேறினாள். நல்ல மதிப்பெண் என்று மகள் அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

சிக்கல் செய்முறைத் தேர்வில் வந்தது. வார்டில் ஒரு மாணவியை நிறுத்தி, ஒரு வேலையைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பேராசிரியை போன் திரையில் பார்த்துக்கொண்டிருப்பார். நோயாளிக்கு ஆபத்து என்றால் ஒழிய ஆசிரியர் கை வைக்கக் கூடாது. வாயால் சொல்லலாம், கேள்வி கேட்கலாம், காத்திருக்கலாம். அவ்வளவுதான். ஒருமுறை தவறினால் இன்னொரு வாய்ப்பு உண்டு. அதிலும் தவறினால் அடுத்த ஆண்டு மாணவர்களோடுதான்.

முதல்முறை புண்ணுக்குக் கட்டுப் போடுவது பாடம். மாணவி பிளாஸ்திரியைக் கொஞ்சம் கோணலாக ஒட்டினாள். உடனே இவள் அதைப் பிய்த்து, நேராக ஒட்டி, ஓரங்களை அழுத்தியும் விட்டாள். கடைசியில் பேராசிரியை, நீங்கள் அருமையான நர்ஸ், நான் பார்க்க வந்தது ஒரு டீச்சரை என்று சொன்னாராம். அதைச் சொல்லும்போது இவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் பயிற்சி நடந்தது. நான் மாணவி, மகள் நோயாளி. மகளின் முழங்கைக்கு நான் கட்டுப் போட வேண்டும், இவள் தள்ளி உட்கார்ந்து வாயால் மட்டும் சொல்ல வேண்டும். நான் வேண்டுமென்றே மூட்டை கட்டுவதுபோல் கட்டினேன். இவள் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் வேர்வை. மகள் சிரித்துச் சிரித்துக் கட்டு அவிழ்ந்துபோயிற்று. ஆனால் இவள் தொடவில்லை. முடித்ததும் மெதுவாகக் கேட்டாள், “நீங்க கட்டினது சரியா இருக்கான்னு எப்படிப் பாப்பீங்க?” எனக்கே கொஞ்சம் கூச்சமாகப் போய்விட்டது. டீச்சர் ஆகிவிட்டாள் என்று அன்று நான் நிஜமாகவே நம்பினேன்.

இரண்டாவது தேர்வு நடந்தபோது நானும் அங்கே இருந்தேன். வார்டில் மருந்து வைக்கும் ஃப்ரிட்ஜ் மக்கர் பண்ணுகிறது என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். போனைப் பிடிக்க வேண்டிய நர்ஸை அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துக்கொண்டார்கள். மேட்ரன் என்னைப் பார்த்து, நீங்களே பிடியுங்கள், நோயாளியின் கை மட்டும் தெரிந்தால் போதும், வாயைத் திறக்கக் கூடாது என்றார். எனக்கு அது பெரிய காரியம்தான், ஆனாலும் ஒப்புக்கொண்டேன்.

நோயாளி அச்சகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர், என் கையை வைத்து யாராவது தேறினால் சந்தோஷம்தான் என்று சம்மதித்திருந்தார். டிரிப்ஸ் ஏற்றுவதற்கு அவர் கையில் ஊசி போட வேண்டும். மாணவி இரண்டாம் வருஷப் பெண், ஒல்லியான உடம்பு, பேச்சே வராது. இவள் அழகாகச் சொல்லிக்கொடுத்தாள். எந்த நரம்பை எடுக்கலாம், ஏன் அது, என்று கேட்டுக் கேட்டு அந்தப் பெண்ணையே பதில் சொல்ல வைத்தாள். கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பெண் ஊசியை நுழைத்தாள். பெரியவர் முகம் லேசாகச் சுளித்தது. ஊசியின் பின்பக்கம் இருக்கும் சின்னக் குழாயில் ஒரு சொட்டுச் சிவப்பு தெரிந்தது. நான் திரையில் பார்த்தேன். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கென்ன தெரியும். அந்தப் பெண்ணின் கை அப்படியே நின்றது. நின்றபடி இருந்தது. ஓரத்தில் என் மனைவியின் கை வருவதைப் பார்த்தேன். வேண்டாம் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. வாயைத் திறந்தால் தேர்வு செல்லாது. போனைப் பிடித்துக்கொண்டு மரம்போல நின்றேன். அவள் அந்தப் பெண்ணின் விரல்களை விலக்கி, ஊசியை வாங்கி, சாய்த்து, உள்ளே தள்ளி, பிளாஸ்திரி ஒட்டி முடித்துவிட்டாள். எல்லாம் ஒரு மூச்சு விடும் நேரம்.

“கைராசின்னா இதும்மா. ரெண்டாவது தடவை குத்தவே இல்ல பாரு,” என்றார் பெரியவர், மனதாரச் சந்தோஷப்பட்டு.

திரையில் பேராசிரியை கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “நோயாளிக்கு ஏதாவது ஆபத்து இருந்துச்சாம்மா?”

“இல்ல மேடம்.”

“அப்புறம் ஏன் வாங்கினீங்க?”

“தெரியல மேடம்.”

பேராசிரியை கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று வருத்தத்தோடு சொல்லித் துண்டித்தார்.

வராந்தாவில் அந்தப் பெண் சுவர் ஓரமாக நின்று அழுதுகொண்டிருந்தாள். என் மனைவி அவளைத் தேற்றப் போனாள். முதல்தடவை எல்லாருக்கும் கை நடுங்கும், பயப்படாதே என்று ஏதோ சொன்னாள். அந்தப் பெண் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்:

“நான் பயந்து நிக்கலக்கா. ரத்தம் தெரிஞ்சதும் கொஞ்சம் நிறுத்திட்டு, அப்புறம் சாய்க்கணும்னு காலையில நீங்கதானே சொன்னீங்க. அதுக்குத்தான் நின்னேன். நரம்பு கிடைச்சிடுச்சுக்கா.”

என் மனைவியின் கைகள் இரண்டும் யாருடையதோ மாதிரி தொங்கிக்கொண்டிருந்தன. அந்தப் பெண் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஸ்கூட்டரில் வீடு திரும்பும் வழியில் பின்னாலிருந்து கேட்டாள், “நீங்க பாத்தீங்களா? ரத்தம் வந்துச்சா?” பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவளிடம் என் பொய் எடுபடாது.

“வந்துச்சு,” என்றேன்.

“நான் பாக்கவே இல்லங்க. அவ கை நின்னத மட்டும்தான் பாத்தேன். என் கை போனதே எனக்குத் தெரியல.”

நானும் பலவாறு யோசித்துப் பார்த்தேன். கெட்டுப்போன மோட்டாரை மாற்றலாம், அறுந்த பெல்ட்டை மாற்றலாம். ஆயிரக்கணக்கான கைகளில் வலிக்காமல் ஊசி போட்ட ஒரு கையை, இனி சும்மா இரு என்று எப்படிப் பழக்குவது? எனக்குத் தெரியவில்லை. மேட்ரனுக்கும் தெரியவில்லை. பள்ளியில் இடத்தை அடுத்த ஆண்டுவரை காலியாக வைத்திருக்க முடியாது என்று மேலே சொல்லிவிட்டார்களாம். வேறொருவரைப் போட்டார்கள். மாதம் பிறந்ததும் இவள் கிடங்குக்குப் போக வேண்டும் என்று முடிவாகிவிட்டது.

மிச்சம் இருந்த நாட்களில் வார்டுக்குத்தான் போய்வந்தாள். ஒரு சாயங்காலம் வந்து, உடுப்பைக்கூட மாற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தாள். டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆறவிட்டாள்.

புதிதாக ஒரு நோயாளி வந்திருந்தாராம். ஊசி போடச் சொல்லி மேட்ரன் அந்த ஒல்லிப் பெண்ணை அனுப்பியிருக்கிறார். இவள் அடுத்த படுக்கையில் காய்ச்சல் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தமுறை திரும்பிக்கூடப் பார்க்கக் கூடாது என்று வைராக்கியமாகத் தெர்மாமீட்டரையே பார்த்துக்கொண்டு நின்றாளாம். பக்கத்தில் காலடிச் சத்தம் கேட்டது. அந்தப் பெண் ஊசித் தட்டோடு வந்து நின்றாள்.

“என்ன சொன்னா?” என்று கேட்டேன்.

“‘நீங்களே போட்டுடுங்கக்கா, எனக்கு வராது’ன்னு சொல்றா.”

“நீ என்ன சொன்ன?”

“உனக்கு வரும்டி, நீயே போடுன்னு கெஞ்சினேன். தட்டை என் கையில வச்சிட்டுப் போயிட்டா.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன பண்றது. அந்த ஆளு கையை நீட்டிக்கிட்டு உக்காந்திருக்காரு.”