மனோரமாவுக்குச் சொல்லாத வீக்கம்

குடியாத்தம் கோதண்டபாணி ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போகும் ரயிலில் ஏறினால் அவர் அடிக்கும் ஜோக்குக்குப் பெட்டியே சிரிக்கும். அந்த மனிதர் கொஞ்ச நாளாக வாயே திறக்கவில்லை. காலியாக இடம் இருந்தும் உட்காரவில்லை.

"இன்னா தோஸ்த், உடம்பு சரியில்லையா?" என்றான் கூட வேலை செய்யும் காஷிஃப்.

கோதண்டபாணி அவன் காதோடு சொன்னார். வலது விதைப்பக்கம் வீக்கம். அவ்வளவாக வலி இல்லை, ஆனால் கல் மாதிரி கனக்கிறது. மருந்துக்கடை மாத்திரைக்கும் அடங்கவில்லை. புற்றுநோய்தான் என்று அவராகவே முடிவு கட்டியிருந்தார். மனைவி மனோரமாவிடம் மூச்சு விடவில்லை.

காஷிஃப் சிரிக்கவில்லை. மறுநாளே லீவு போட்டு வேலூர் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனான்.

ஸ்கேன் அறையில் இருந்தவர் சௌமியா என்ற பெண் டாக்டர். கோதண்டபாணிக்குக் கூச்சத்தில் உடம்பே சுருங்கிப்போனது. டாக்டரோ துண்டைப் போர்த்திவிட்டு, சாதாரணமாகக் கருவியை நகர்த்தினார்.

"இங்க பாருங்க, இதான் விதை. நல்லா இருக்கு. பின்னாடி சுருண்டிருக்கிற குழாய்தான் வீங்கியிருக்கு." பிறகு சிறுநீரகத்தையும் பார்த்தார். அங்கே பழைய தழும்பு. "எனக்கு டி.பி. மேலதான் சந்தேகம். ஆனா ஸ்கேனை மட்டும் வெச்சு உறுதியா சொல்ல முடியாது. யூரின் டெஸ்ட் பண்ணணும், ஊசியில கொஞ்சம் எடுத்தும் பாக்கணும்."

"டி.பி. நெஞ்சுலதானே வரும், மேடம்?"

"இங்கயும் வரும். மாத்திரையில சரியாகும்."

டெஸ்ட் முடிவும் டி.பி. என்றே வந்தது; புற்றுநோய் இல்லை. கோதண்டபாணி ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே காஷிஃபைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

வீட்டில் மனோரமாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் தலையணையால் அவரை ஒரு போடு போட்டாள்.

"காஷிஃப் அண்ணனுக்குத் தெரியும், எனக்குத் தெரியக்கூடாதா? தள்ளித் தள்ளிப் படுத்தீங்களே, வேற எவளோன்னு நெனச்சி எத்தினி நாள் அழுதேன் தெரியுமா?"

அவர் திகைத்துப்போனார். "நானா? இந்த மூஞ்சிக்கா?"

அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அரசு மருத்துவமனை மாத்திரைகளைத் தினமும் அவளே எடுத்துக் கொடுத்தாள். சிறுநீர் சிவந்து போனதைப் பார்த்து அவர் அலறியபோது, "மாத்திரைக்கு அப்படித்தான் போவும்னு நர்ஸ் சொன்னாங்கல்ல, கத்தாதீங்க" என்று வாசலிலிருந்தே அதட்டினாள். ஆறு மாதம் கழித்து ஸ்கேனுக்கும் கூடவே வந்தாள்.

"வீக்கம் நல்லா வத்திப்போச்சு. லேசா ஒரு தழும்பு மட்டும்தான்" என்றார் சௌமியா.

மனோரமா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "எங்க மேடம், எனக்கும் காட்டுங்க."

டாக்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார். கோதண்டபாணி இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.