நீலக் குருவி ஜாடி

அந்த ஜாடியைத் தொட எங்கள் வீட்டில் யாருக்கும் உரிமை கிடையாது. தயிர்ச்சோற்றுக்கு ஒரு துண்டு நார்த்தங்காய் வேண்டுமென்றால் அப்பாகூட அம்மாவிடம் விண்ணப்பம் போட்டுக் காத்திருக்க வேண்டும். இதற்குக் கிரீன் கார்டே முதலில் வந்துவிடும் என்பார்.

நாங்கள் குடியேறிய வெஸ்ட் வின்ட்சரில், எங்கள் தெருக்கோடி வீட்டு வாசலில் பழைய சாமான்களைப் பரப்பி விற்ற யார்டு சேலில் வாங்கியது அது. சாம்பல் நிறம், வயிற்றில் நீலத்தில் வரைந்த ஒரு குருவி, தடவினால் நார்த்தங்காய்த் தோல் மாதிரியே சொரசொரப்பு. "ஊர்ல ஊறுகாய் போடற ஜாடியாட்டவே இருக்குதுங்க" என்று அம்மா அதை விடவில்லை. தூக்கிவந்த அப்பா இரண்டு நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தார். ஊறுகாய் தீர்ந்ததும் ஜாடி என் அறைக்கு என்று அம்மா வாக்குக் கொடுத்திருந்தாள். அன்றிலிருந்து குருவி என்னுடையது.

உள்ளே இருந்தது சாதாரண நார்த்தங்காய் அல்ல. ஊரில், கோபியில், அப்பிச்சி, அதாவது அம்மாவின் அப்பா, கிணற்றடி மரத்தில் பறித்து, தன் கையாலேயே சுருள் சுருளாக அறுத்து, உப்படைத்துக் காயவைத்து, இங்கே வந்த ஒரு குடும்பத்தின் பெட்டியில் கொடுத்தனுப்பியது. அது வந்துசேர்ந்த மூன்றாம் மாதம் அப்பிச்சி இறந்துபோனார். கிரீன் கார்டு மனு பாதியில் நின்ற சமயம். போனால் திரும்பி வர முடியாமல் போகலாம் என்று வக்கீல் சொன்னார். அம்மா போகவில்லை. அதற்குப் பிறகு அவள் அடிக்கடி ஜாடியைத் திறந்து, அதன் வாயருகே முகத்தை வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். பூஞ்சணம் பிடித்திருக்கிறதா என்று பார்க்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

இலை உதிரத் தொடங்கிய ஒரு சனிக்கிழமை மதியம், தெருக்கோடி வீட்டு மூதாட்டி தன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். அம்மாவின் ஆங்கிலம் சூப்பர் மார்க்கெட்டோடு சரி. பத்து வயதான நான்தான் மொழிபெயர்ப்பாளர். எனக்கு அதில் ஏகப்பட்ட பெருமை.

சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து மூதாட்டி நிதானமாகச் சொன்னார். அவர் குடும்பம் மூன்று தலைமுறையாகக் குயவர்கள். சூளை உச்சச் சூட்டில் இருக்கும்போது உப்பை அள்ளி உள்ளே வீசுவார்களாம். அது ஆவியாகி மண்ணின்மேல் கண்ணாடித் தோலாகப் படியுமாம். இந்த ஜாடியை வனைந்தது அவருடைய அப்பா. விவரம் தெரியாமல் மகள் விற்றுவிட்டாள். நாளைக்கு முதியோர் இல்லத்துக்குப் போகிறார். உட்சுவரில் அப்பாவின் விரல்கள் வரிவரியாகப் பதிந்திருக்கின்றன, ஒரே ஒரு தடவை கையை விட்டுத் தொட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்டார்.

"என்ன கண்ணு சொல்றாங்க?" என்றாள் அம்மா.

அவர் கையை உள்ளே விட்டால் ஜாடி என்னைவிட்டுப் போய்விடும் என்று எனக்குத் தோன்றியது. "சும்மா பை சொல்ல வந்தாங்கம்மா. நாளைக்கு மூவ் பண்றாங்க."

அம்மா என்னைப் பார்க்கவில்லை. ஜாடியை நோக்கி நீண்டிருந்த அந்தக் கையையே பார்த்தாள். பிறகு, "ஃபாதர்?" என்று கேட்டாள். மூதாட்டி தலையசைத்தார். அந்த ஒரு சொல் அம்மாவுக்குத் தெரியும் என்பதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

ஈரக் கரண்டியைக்கூட ஊறுகாய்ப் பக்கம் விடாதவள், கழுவிக் கவிழ்த்திருந்த பாட்டில்களைத் துடைக்காமலே நார்த்தங்காயை அள்ளிப் போட்டாள். ஜாடியைக் கழுவி மூதாட்டியின் முழங்கால்களுக்கு நடுவே வைத்தாள். முழங்கைவரை உள்ளே போன கை மெல்லச் சுற்றி வந்தது. அவர் கண்களை மூடிக்கொண்டார்.

"எடுத்துட்டுப் போகச் சொல்லு கண்ணு."

நான் வாயைத் திறக்கவில்லை. அம்மா சற்றுக் காத்திருந்தாள். பிறகு, வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாதே என்று ஒரு சுருள் நார்த்தங்காயை உள்ளே போட்டு, ஜாடியை மகளின் பக்கம் நகர்த்தினாள். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. நான் ஏன் பொய் சொன்னேன் என்று அம்மா அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. கன்னத்தில் இரண்டு அறை வைத்திருக்கலாம்.

பத்து நாளில் எல்லாப் பாட்டிலிலும் பூஞ்சணம் பூத்துவிட்டது. ஒவ்வொன்றாகக் குப்பையில் கொட்டிவிட்டு, அம்மா அந்தக் கூடைக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அப்பிச்சி இறந்த செய்தி ஊரிலிருந்து வந்த அன்றுகூட அவள் இப்படி அழவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

"அழுகாதம்மா. எடிசன் ஓக் ட்ரீ ரோட் இந்தியக் கடையில இதே நார்த்தங்காய் பாட்டில்ல கிடைக்கும். அப்பாவை டிரைவ் பண்ணச் சொல்லலாம்."

அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சரி கண்ணு, வாங்கலாம்" என்றாள்.

அந்த வாரமே எடிசனுக்குப் போய் வாங்கி வந்தோம். நானும் அப்பாவும்தான் தின்று தீர்த்தோம். அம்மா ஒரு துண்டுகூடத் தொடவில்லை. அவளுக்கு அந்த பிராண்டு பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.