சாவைக் கேட்டவனுக்கு வந்த போன்

ஆண்டவர் தனக்குச் செய்ததைச் சபையில் சாட்சி சொல்கிறவர்கள் சிரித்த முகத்தோடு முடிப்பார்கள். எனக்கு அப்படி முடிக்க வராது. இருந்தாலும் நடந்ததைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஆண்டவருக்குச் செய்கிற துரோகம். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் சபைப் பாடகர் குழுவில் நான் பேஸ் என்கிற அடிக்குரல் பாடுகிறவன். ஆவடியில் ஃபேக்டரி வேலை முடிந்து, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, திருநின்றவூரில் சின்னதாக ஒரு வீடு கட்டி வந்தோம், நானும் என் மனைவி கிரேஸும். பிள்ளைகள் இல்லை. 2020-ல், ஊரடங்கு நேரத்தில், கிரேஸ் போய்விட்டாள். கொரோனா இல்லை, மாரடைப்பு.

குழுவில் ஒருவர் வீட்டில் சாவு என்றால், பெட்டியைக் குழிக்குள் இறக்கும்போது நாங்கள் நாலு குரலிலும் நின்று பாடுவோம். எத்தனையோ வீட்டுக்கு நான் போய்ப் பாடியிருக்கிறேன். கிரேஸை இறக்கும்போது யாரும் வர முடியவில்லை. பாஸ்டர் அவசரமாக ஜெபித்தார். மண் விழுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது. என் மனசு அன்றைக்கே விட்டுப்போனது. வீட்டுக்கு வந்து, "ஆண்டவரே, என்னையும் எடுத்துக்கொள்ளும்" என்று கேட்டேன். அதற்குப் பிறகு தினமும் அதே ஜெபம்தான். வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

இந்த நேரத்தில் குழுவைச் சிதறவிடக் கூடாது என்று எங்கள் கொயர் மாஸ்டர் படாத பாடு பட்டார். முதலில் எல்லாரையும் வீடியோ காலில் கூப்பிட்டுச் சேர்ந்து பாடச் சொன்னார். ஒருவர் குரல் இன்னொருவருக்குப் பிந்திக் கேட்டது. இவருக்காக அவர் நிற்க, அவருக்காக இவர் நிற்க, பாட்டு இழுத்து இழுத்து நடுவழியில் நின்றே போனது. இரைச்சலில் சந்தைக்கடை தோற்றது. பிறகு அவர் வேறு வழி கண்டுபிடித்தார். சனிக்கிழமை சாயங்காலம் ஒருவர் அடுத்தவருக்குப் போன் செய்ய வேண்டும். இவர் தன் குரலில் ஒரு வரி பாடினால், அவர் தன் குரலில் அடுத்த வரியைப் பாட வேண்டும். பிறகு அவர் தனக்கு அடுத்தவரைக் கூப்பிட வேண்டும். இப்படியே குழு முழுக்கச் சுற்றி மாஸ்டரிடம் வந்து முடியும். ஒரே ஒரு கட்டளை: யாரையும் தாண்டிப் போகக் கூடாது. ஒருவர் எடுக்கவில்லையென்றால் சுற்று அங்கேயே நிற்கும்.

நான் எடுக்கவில்லை. சுற்றில் எனக்கு முன்னால் இருந்தது ஆல்டோ என்கிற பெண்களின் கீழ்க்குரல் பாடுகிற ஷீலா, அம்பத்தூர்க்காரி. வாராவாரம் என்னைக் கூப்பிடுவாள். அடித்து ஓயட்டும் என்று விட்டுவிடுவேன். எனக்குப் பின்னால் இருந்தவர்களுக்குப் பாட்டே போகவில்லை. முணுமுணுத்தார்களாம். என்னைத் தாண்டிப் போகலாமே என்று கேட்டவர்களிடம் மாஸ்டர், "பேஸ் இல்லாம நாம எப்பவாச்சும் பாடியிருக்கமா?" என்று கேட்டாராம். எனக்காக எல்லாரும் ஜெபித்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. நான் சாவைக் கேட்டுக்கொண்டிருந்தேன், அவர்கள் நான் போனை எடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

2021 மே மாதம். தெருவுக்குத் தெரு ஆம்புலன்ஸ் சத்தம். எனக்குக் காய்ச்சல் வந்து படுத்துக் கிடந்தேன். கேட்டது கிடைக்கப்போகிறது என்று நினைத்தேன். சனிக்கிழமை ஷீலாவின் போன். அடித்துக்கொண்டே இருந்தது. இனிமேல் கூப்பிடாதே என்று திட்டுவதற்காகத்தான் எடுத்தேன். நான் வாயைத் திறக்கும் முன்பே அவள் தன் வரியைப் பாடிவிட்டாள். ஆல்டோவைத் தனியாகக் கேட்டால் அது என்ன பாட்டென்றே தெரியாது. ஆனால் எனக்குத் தெரியும். பழக்க தோஷம், அடுத்த வரி என் வாயில் தானாக வந்துவிட்டது.



"அண்ணே, அந்த வரிய நீங்க ஒரே மூச்சுல பாடுவீங்க. இன்னிக்கு மூணு வாட்டி நிறுத்திக்கினு பாடுறீங்க. இன்னா ஆச்சு உங்களுக்கு?" என்றாள்.

சாதாரண ஜலதோஷம் என்று சொல்லிப் பார்த்தேன். அந்த வாக்கியத்தையே என்னால் முழுசாகச் சொல்ல முடியவில்லை. வருடக்கணக்காக எனக்கு முன்வரிசையில் நின்று பாடியவள். என் மூச்சு எங்கே முடியும் என்று எனக்குத் தெரிவதைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். "கதவத் தொறந்து வெச்சிட்டுப் படுங்க. இவரு வந்துகினு கீறாரு" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

"இவரு" என்றால் அவள் வீட்டுக்காரர் மோகன். குட்டியானை வண்டியில் லோடு அடிக்கிறவர். அவருக்குப் பாட்டு சுட்டுப் போட்டாலும் வராது. பிராக்டிஸுக்கு ஷீலாவை பைக்கில் கொண்டுவந்து விட்டுவிட்டு, முடிகிற வரைக்கும் வெளியே டீ குடித்துக்கொண்டு நிற்பார். அந்த மனுஷன் வந்து, எல்லாரும் என்னைத் தொடப் பயப்படுகிற நேரத்தில், இரண்டு கையிலும் அள்ளித் தூக்கி வண்டியில் பாய் போட்டுப் படுக்க வைத்தார். பெரியாஸ்பத்திரி வாசலில் எனக்குப் படுக்கை கிடைக்கிற வரைக்கும் பக்கத்திலேயே இருந்தார்.

ஆக்ஸிஜன் மாஸ்க்கைப் போட்டபோதுதான் எனக்குச் சாக விருப்பமில்லை என்று தெரிந்தது. ஒரு மூச்சுக்காக நெஞ்சு கிடந்து அடித்துக்கொண்டது. "ஆண்டவரே, நான் இத்தனை நாளும் கேட்டதைத் தள்ளிவிடும்" என்று கேட்டேன். தள்ளிவிட்டார். பிழைத்தேன்.

இத்தோடு முடித்தால் நல்ல சாட்சி. ஆனால் நான் வீடு திரும்புவதற்குள் மோகன் கொரோனாவில் படுத்துவிட்டார். ஜூன் மாதம் இறந்துபோனார். என்னால் வந்ததா, வேறு எங்காவது ஒட்டியதா, யாருக்கும் தெரியாது. எனக்கு மட்டும் இரவும் பகலும் அதே யோசனை. என்னைத் தூக்கிக்கொண்டு போனவர் இல்லை, நான் இருக்கிறேன். இதற்கு எப்படி ஸ்தோத்திரம் சொல்வது? பாஸ்டரிடம் கேட்டேன். அவர் கண்ணீர் விட்டாரே தவிர, பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாததற்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது.

ஷீலா எதையும் பாடவில்லை. சபை திறந்த பிறகும் வரவில்லை. வீட்டுக்குப் போனேன், யாரையும் பார்க்க மாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அதில் எனக்குக் கோபமில்லை. என் முகத்தை அவள் எப்படிப் பார்ப்பாள்? சபை திறந்த பிறகும் மாஸ்டர் சனிக்கிழமைச் சுற்றை விடவில்லை. அவரிடம் போய், அதில் அவளுக்கு முன்னால் என்னைப் போடுங்கள் என்றேன். வாராவாரம் கூப்பிட்டேன். அவள் எடுக்கவில்லை. சுற்று அங்கேயே நின்றது. இந்தத் தடவை யாரும் முணுமுணுக்கவில்லை. என் ஜெபம் சின்னதாகிப்போனது: அவள் போனை எடுக்க வேண்டும், என்னைத் திட்டவாவது எடுக்க வேண்டும்.

போன சனிக்கிழமை எடுத்தாள்.

என் வரியைப் பாடினேன். அவள் பாடவில்லை. அழுவது கேட்டது. அவளுடைய வரியையும் நானே பாடினேன், ஆல்டோ எனக்கு வராது, கர்ணகடூரமாக இருந்திருக்கும். பிறகு போனை வைக்காமல் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அவளே மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்:

"எனக்கு அப்பால யாருண்ணே? நம்பர் குடுங்க."

கொடுத்தேன். அன்று சுற்று முழுசாகப் போய் மாஸ்டரிடம் முடிந்தது.

மோகன் ஏன் போனார் என்று எனக்கு இன்னும் தெரியாது. கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். என் வீடும் காலியாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் அழிவைக் கேட்டபோது அதைக் கொடுக்காத தேவனை எனக்குத் தெரியும், அவரை நம்புகிறேன். நீங்களும் நம்புங்கள். உங்கள் சபையில் போனை எடுக்காத ஒருவர் இருந்தால், அவருக்கு ஆள் தேவையில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஜெபித்துவிட்டு மறுபடியும் கூப்பிடுங்கள். ஷீலாவுக்காகவும் ஜெபியுங்கள். நாளைக்கு மறுபடியும் சனிக்கிழமை.