வரைபட வகுப்பில் ஆறு பேர்

எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அந்தத் தொழில்நுட்பக் கல்லூரியில் அலுவலக உதவியாளராகச் சேர்ந்தபோது, ஐந்தாண்டுத் திட்டம் என்றால் பெரிய மூளைகள் கூடி யோசிக்கிற காரியம் என்று நம்பியிருந்தேன். பழைய கோப்பைத் திறந்து வருடங்களை மட்டும் மாற்றுவார்கள் என்பது போன பிறகுதான் தெரிந்தது. கடைசித் திட்டத்தில் ‘நாற்பது டைப்ரைட்டர்கள் வாங்கப்படும்’ என்று இருந்தது. தட்டச்சுப் பிரிவை மூடி அப்போதே ஏழு வருடம்.

இந்த முறை திட்டப் பொறுப்பு வைஸ் பிரின்சிபால் மேடத்திடம் வந்தது. பதினெட்டு வருடம் கையால் இயந்திர வரைபடம் போடக் கற்றுக்கொடுத்தவர். அவர் பழைய கோப்பைத் தொடவே இல்லை. ஒரு வருடம் முழுக்கத் திங்கட்கிழமைதோறும் வகுப்பு வகுப்பாகப் போய்த் தலைகளை எண்ணினார். நோட்டும் கையுமாக நான் பின்னால் போவேன். மேடம் ஓட்டு கேட்டு வந்திருக்காங்க, எழுந்து கும்பிடுங்கப்பா என்று வெல்டிங் ஆசிரியர் பிள்ளைகளைச் சிரிக்க வைப்பார்.

எண்ணி முடித்தபோது அடிவாங்கியது அவருடைய பிரிவேதான். முப்பது இடத்துக்கு ஆறு பேர். கணினி வரைபடப் பிரிவோடு அதைச் சேர்த்துவிடலாம் என்று அவரே எழுதினார். கை வரைபடப் பிரிவில் மிச்சமிருந்த ஒரே ஆசிரியை அவருடைய பழைய மாணவி. பத்து வருடமாக இருவரும் ஒரே மேஜையில் சாப்பிடுகிறவர்கள். அவளுக்குக் கணினி தெரியாது. ஆறு மாதப் பயிற்சி தரவேண்டும் என்றும் மேடம் ஒரு வரி சேர்த்திருந்தார்.

எல்லாப் பிரிவுக்கும் ‘வலுப்படுத்தப்படும்’ என்று போட்டால் யார் மனசும் நோகாதே என்றார் பிரின்சிபால். அந்தப் பக்கத்தை, சேர்ப்பது என்று ஒன்றும் வலுப்படுத்துவது என்று ஒன்றுமாக, டைப் செய்து மேடத்தின் மேஜையில் வைத்தேன். ஒரு வாரம் இரண்டும் கையெழுத்தில்லாமல் கிடந்தன.

விஷயம் தெரிந்து ஆசிரியை வந்தாள். நான் அலமாரிப் பக்கம் நின்றிருந்தேன்.

“ஏன்க்கா, இந்த வயசுல என்னைப் புள்ளைங்களோட பெஞ்சுல உக்கார வைக்கப் போறீங்களா? நீங்க எண்ணாம விட்டிருந்தா யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?”

“அந்த ஆறு பேருக்குத் தெரியும்டி. படிச்சிட்டு வேலை இல்லாம அலையறது அவங்கதானே.”

அவள் போனதும், சேர்ப்பது என்றிருந்த பக்கத்தில் மேடம் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடக்கூட இல்லை. ஆட்சிக்குழுக் கூட்டத்தில் யாரும் அந்தப் பக்கத்தைப் புரட்டியதாகத் தெரியவில்லை. மொத்தத் திட்டத்தையும் ஒரே கைத்தட்டலில் நிறைவேற்றிவிட்டு டீக்குப் போனார்கள்.

மறுநாள் மதியம் ஆசிரியை தன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வெல்டிங் ஆசிரியர் மேஜைக்குப் போய்விட்டாள். மேடம் சுவரைப் பார்த்தபடி மெதுவாகச் சாப்பிட்டார். அந்த எண்களை எழுதியது என் கை. எழுந்து போய் எதிரில் உட்கார எனக்குப் பத்து அடி தூரம்கூட இல்லை. ஆனால் பிரின்சிபால் அறைக் கதவு திறந்திருந்தது. என் வேலை நிரந்தரமாக இன்னும் நாலு மாதம் இருந்தது. என் இடத்திலேயே குனிந்து சாப்பிட்டு முடித்தேன்.