துடக்கு வீட்டில் மஞ்சள் சுவாலை

"முப்பத்தொண்டு கழியட்டும், பேந்து வா" என்று துஷாந்தினி இரண்டு தடவை தொலைபேசியில் சொல்லிவிட்டாள். மூன்றாவது தடவை ஜெகதீஸ்வரி கேட்கவில்லை. நேரே வந்து அழைப்பு மணியை அழுத்தினாள்.

நவம்பர் மாதக் கடைசிச் சனிக்கிழமை. பிரெஞ்சு பேசும் சென்ட் லோரன்ட் பகுதியில் முதல் பனி விழுந்து கறுத்துக் கிடந்தது. ஜெகதீஸ்வரியின் ஒரு கையில் கருவிப்பெட்டி, மறு கையில் புகைக்குழாய் துடைக்கும் நீண்ட தூரிகை.

"பிள்ளை பிறந்த துடக்கு வீடெண்டு தெரியாதே உனக்கு?"

"வீட்டைச் சூடாக்கிற பொயிலருக்குத் துடக்கில்லை. செப்டெம்பரில துப்புரவாக்க வேண்டியது. தள்ளு."

"வேலைக்காரி மாதிரி கதைக்கிறாய்."

"வேலைக்குத்தானே வந்தனான். தேத்தண்ணி குடிக்கவே வந்தனான்?"

இருவரும் ஒரு காலத்தில் டோர்வல் விமான நிலையத்தில் ஒரே ஷிப்டில் தரை துடைத்தவர்கள். ஜெகதீஸ்வரிக்கு மகன் பிறந்தபோது, தாயில்லாத அவளுக்குப் பத்தியக் கறி காய்ச்சி, சுடுதண்ணீர் வார்த்து, தணலில் சாம்பிராணி போட்டுப் புகை காட்டியவள் துஷாந்தினி. முப்பத்தொரு நாளில் ஒரு நாளாவது முகம் சுளித்ததில்லை. அந்தக் கடன் ஜெகதீஸ்வரியின் நெஞ்சில் அப்படியே இருக்கிறது.

நாற்பத்தொரு வயதில் ஜெகதீஸ்வரி துடைப்பத்தை வைத்துவிட்டு, எரிவாயுச் சூடாக்கிகளைப் பராமரிக்கும் படிப்பில் சேர்ந்தாள். வகுப்பு முழுவதும் பிரெஞ்சு. அவள் ஒருத்திதான் பெண். "அடுப்பு மூட்டவும் பள்ளிக்கூடமோ?" என்று சனம் சிரித்தது. துஷாந்தினியும் சிரித்தாள். இரண்டு தடவை பரீட்சையில் தவறி, மூன்றாம் தடவை உரிமப் பத்திரம் வாங்கியபோது, முதலில் தன் வீட்டுப் பொயிலரைக் காட்டிக் "கை வை" என்றவளும் அதே துஷாந்தினிதான்.

இப்போது துஷாந்தினியின் தங்கை ஆர்த்திகாவுக்குப் பிள்ளை பிறந்து முப்பதாம் நாள். யாழ்ப்பாணத்திலிருந்து வர இருந்த தாய்க்கு விசா கிடைக்கவில்லை. அம்மா செய்கிற ஒன்றும் குறையக் கூடாது என்று துஷாந்தினி கங்கணம் கட்டிக்கொண்டு நின்றாள். வீட்டிலேயே சூடான இடம் என்று, பேஸ்மென்டில் பொயிலருக்குப் பக்கத்து அறையில் தாயையும் பிள்ளையையும் கிடத்தியிருந்தாள்.

படியில் பாதி இறங்கும்போதே ஜெகதீஸ்வரியின் இடுப்பில் தொங்கிய சின்னக் கருவி கத்தத் தொடங்கியது. நிறமும் மணமும் இல்லாத விஷவாயுவைக் காட்டிக்கொடுக்கும் கருவி அது. கீழே போகப் போக எண்கள் ஏறின.

ஆர்த்திகா தலையில் துணி கட்டிச் சுருண்டு கிடந்தாள். "தலையிடியக்கா. பிள்ளை பெத்த உடம்புதானே."

"பிள்ளை தங்கம்" என்றாள் துஷாந்தினி பெருமையாக. "ரண்டு நாளா அழுகையே இல்லை. பாலுக்கும் நாங்கள்தான் எழுப்ப வேணும்."

ஜெகதீஸ்வரி பக்கத்துப் பொயிலர் அறைக்குள் பாய்ந்தாள். பொயிலரின் கண்ணாடித் துவாரத்தில் நீலமாக எரிய வேண்டிய சுவாலை மஞ்சளாக நாக்கு நீட்டியது. ஒரே எட்டில் வாயுக் குழாயைப் பூட்டினாள். பிள்ளையைப் போர்வையோடு அள்ளினாள்.

"ஆர்த்தி, எழும்பு. எல்லாரும் வெளியில, என்ர வானுக்குள்ள. நச்சுக் காத்து."

துஷாந்தினி படியை மறித்துக்கொண்டு நின்றாள். "பச்சை உடம்பு. வெளியில மைனஸ் பன்ரண்டு. விசரே உனக்கு?"

"வழியை விடு துஷா."

"நாளைக்கு முப்பத்தொண்டு. ஐயர் வாறார். எனக்குப் படிப்பிக்கிறியோ? உன்ர பிள்ளையையும் நான்தான் பார்த்தனான்."

அந்தச் சொல் ஜெகதீஸ்வரியைக் குத்திக் கிழித்தது. கண்கள் நிறைந்தன. கால்கள் பின்வாங்கவில்லை.

"நீ பார்த்தபடியால்தான் அவன் இண்டைக்கு ஆளாய் நிக்கிறான். இந்தப் பிள்ளையும் நிக்க வேணும். இதைப் பார், கண் திறக்குதோ எண்டு பார்."

துஷாந்தினி குனிந்து பார்த்தாள். பிள்ளையின் கன்னத்தைத் தட்டினாள். இன்னொரு தடவை தட்டினாள். பிறகு தங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு படியேறினாள்.

வானுக்குள் சூட்டைக் கூட்டிவிட்டு ஜெகதீஸ்வரி அவசர இலக்கத்தை அழைத்தாள். இரண்டு தடவை பரீட்சையில் அவளைக் கைவிட்ட பிரெஞ்சு அன்று ஓரிடத்திலும் தடுக்கவில்லை.

அம்புலன்ஸ் அக்கா, தங்கை, பிள்ளை மூவரையும் கொண்டுபோனது. தீயணைப்புப் படையினர் வீட்டைக் காற்றாட விட்டு, திருத்தும்வரை பொயிலரை மூட்டக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார்கள். ஜெகதீஸ்வரி மேலங்கியோடே பேஸ்மென்டில் முழந்தாளிட்டாள். குளிரில் விரல்கள் மரத்தன. எரியும் பகுதியைக் கழற்றிக் கரியைச் சுரண்டினாள். புகைக்குழாயைத் துடைத்தாள். நீர் அழுத்தத்தைப் பார்த்தாள். கடைசியாக, வெளிக்காற்றை உள்ளே கொண்டுவரும் குழாய்க்குள் கையை விட்டாள். பழைய நூல்சேலை ஒன்று முழம் முழமாக வந்தது.

பின்னேரம் மாற்றுத் துணி எடுக்க வந்த துஷாந்தினி அந்தச் சேலையைக் கண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அதுக்குள்ளால குளிர் அடிச்சது. பச்சை உடம்பெண்டு அடைச்சனான்."

"அது பொயிலரின்ர மூக்கு, துஷா. மூச்சில்லாமல் எரிஞ்சா நஞ்சைத்தான் கக்கும். சுவரில நச்சுக் காத்து அலாரம் ஒண்டு பூட்டினனானே?"

"மேசை லாச்சிக்குள்ள கிடக்கு. சாம்பிராணிக்குத் தணல் மூட்டினா ஒரே கத்தல்."

"அது சரியாத்தான் கத்தினது. தணலும் அதே நஞ்சைத்தான் விடும்."

துஷாந்தினியின் தோள்கள் குலுங்கின. "நானே கொல்லப் பார்த்தனே."

"அழுறதைப் பேந்து அழு. சாமியறையில ஊதுபத்தி இருக்கே? ஒண்டு கொண்டு வா."

ஜெகதீஸ்வரி அலாரத்தைச் சுவரில் பூட்டினாள். பொயிலரை மூட்டினாள். சுவாலை நீலமாக நின்றது. புகைக்குழாயின் வாயருகே ஊதுபத்தியைப் பிடித்தாள். புகை அறைப் பக்கம் திரும்பாமல், நூல் பிடித்ததுபோல் உள்ளே இழுபட்டு மேலே போனது. இடுப்புக் கருவி பூச்சியம் காட்டியது.

அப்போது துஷாந்தினியின் கைபேசி அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து ஆர்த்திகா. அவள் பேசியது ஒன்றும் விளங்கவில்லை. பின்னால் பிள்ளை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது.

துஷாந்தினி கைபேசியைக் காதிலிருந்து எடுக்கவேயில்லை. கன்னத்தில் கண்ணீர் வழிய, அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டே நின்றாள்.

"ஐயருக்குச் சொல்லு" என்றாள் ஜெகதீஸ்வரி, பெட்டியை மூடியபடி.

"சொல்லுறன். முப்பத்தொண்டை முப்பத்தைஞ்சில செய்வம். தணலைப் பின் பல்கனியில மூட்டி, மணத்தை மட்டும் சேலையில பிடிச்சுக்கொண்டு வாறன். நீ விடியவே வந்திட வேணும்."

"துடக்கு வீட்டுக்கோ?"

"போடி" என்றாள் துஷாந்தினி.