ரயிலேறிய வீட்டுச் சாவி

தங்கவயலின் ஊரிகம் பகுதியில் ஒரே வாசல் உள்ள லைன் வீடு எங்களுடையது. விடியற்காலை பெங்களூரு ரயிலுக்குக் கிளம்பும்போது கணவரும் மூன்று வயது மகளும் தூங்குவார்கள். மகள் விழித்து என் பின்னாலேயே ஓடிவந்துவிடக் கூடாதென்று வெளியே பூட்டி, சாவியைப் பக்கத்து வீட்டு மேரி அக்காவிடம் கொடுத்துவிடுவேன்.

ஒருநாள் ரயில் நகர்ந்த பிறகு பைக்குள் சாவி தட்டுப்பட்டது. பதறிப்போய்க் கணவரை அழைத்தேன். அவர் போன் என் பைக்குள்ளேயே அடித்தது! அவசரத்தில் அதையும் அள்ளிப் போட்டு, சாவியைக் கொடுக்கவும் மறந்திருக்கிறேன்.

மேரி அக்காவை அழைத்தேன்.

“இன்னாம்மா, பாப்பா ஜன்னல் கம்பியப் புடிச்சிக்கினு அழுவுது. சாவி எங்க?”

“என்கூட ரயில்ல வருதுக்கா...”

அக்கம்பக்கத்தார் பூட்டை உடைக்கும் சத்தத்தையும், “அம்மா, கதவத் தொற” என்ற மகளின் குரலையும் போனில் கேட்டபடி, நெரிசலில் நின்று அழுதேன்.

இப்போது பூட்டுவதில்லை. மகளை எழுப்பிக் கணவரிடம் கொடுத்துவிட்டு, அவள் அழ அழத்தான் கிளம்புகிறேன்.

– ஒரு வாசகி, கோலார் தங்கவயல்